ப்ராஜெக்ட் அக்னி: பேசுகிறவரை விடுங்கள், கேட்கிறவரைப் பாருங்கள்

‘நவரசா’ 2021 ஆகஸ்ட் 6 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்தது. மணிரத்னமும் ஜெயேந்திரா பஞ்சாபகேசனும் சேர்ந்து தயாரித்த ஒன்பது குறும்படங்கள், ரசத்துக்கு ஒன்று. கொரோனாவில் வேலை இல்லாமல் நின்றுபோன திரைத் தொழிலாளர்களுக்கு நிதி திரட்டுவதற்காக எடுத்தது. அந்த ஒன்பதில் என் நண்பர்கள் வட்டத்தை ரெண்டாகப் பிளந்தது ஒன்றே ஒன்றுதான்: அற்புதம் என்ற ரசத்துக்குக் கார்த்திக் நரேன் எடுத்த ‘ப்ராஜெக்ட் அக்னி’.

அப்போது நான் தருமபுரியில் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் வேறு பேச்சே இல்லை. “தமிழ்ல இப்படி ஒண்ணு வந்ததே பெருசுடா” என்று ஒரு கட்சி. “ரெண்டு பேர் உட்கார்ந்து பேசுறத படம்னு சொல்லாதீங்க” என்று இன்னொரு கட்சி. சமீபத்தில் இதை மறுபடி பார்த்தேன். இரண்டு கட்சியும் படத்தின் ஒரே பாதியைப் பற்றித்தான் சண்டை போட்டிருக்கிறது என்று தோன்றியது. அதனால் இந்தக் குறிப்பு. (படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். முடிவைத் தொடாமல் இதைப் பேச முடியாது.)

கதை எளிது. விஷ்ணு (அரவிந்த் சுவாமி) எதையோ கண்டுபிடித்திருக்கிறார். நண்பர் கிருஷ்ணாவை (பிரசன்னா) வீட்டுக்கு வரச்சொல்லி அதை விளக்குகிறார். ஆழ்மனம், படைப்பு, நாம் வாழும் உலகமே யாரோ எழுதிய நிரலாக இருக்கலாம் என்ற சந்தேகம் எல்லாம் அந்தப் பேச்சில் வருகிறது. கடைசியில், இவ்வளவு நேரம் எதிரில் உட்கார்ந்து கேட்டவர் யார் என்பதிலேயே படம் கையை வைக்கிறது.

முதலில் எதிர்க்கட்சியின் புகார். பேச்சு அதிகம் என்பது குறையா? நம் ஊரில் ஒருவர் உட்கார்ந்து சொல்ல, ஊரே விடிய விடியக் கேட்ட கதைகள் எத்தனை! பாரதம் படிக்கிற திடலில் யாரும் ‘விஷுவல்’ கேட்டதில்லை. ஒரு அறை, இரண்டு நடிகர்கள் என்பது பெருந்தொற்றுக் காலத்துக்கு ஏற்ற புத்திசாலித்தனமான அளவும்கூட. எனக்கு இடிப்பது அந்தப் பேச்சின் மொழி. முக்கியமான இடம் வந்தாலே வசனம் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறது. சுஜாதா ‘என் இனிய இயந்திரா’வை எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக எழுதியபோது, ரோபோவையும் எதிர்கால அரசையும் பாமர வாசகரிடம் தமிழிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆங்கிலச் சொல் அவரிடமும் உண்டு, ஆனால் யோசனை தமிழில் ஓடும். இங்கே வசனம் முதலில் ஆங்கிலத்தில் யோசித்து, இடையிடையே தமிழை நினைவுபடுத்திக்கொள்கிறது.

இப்போது ஆளுங்கட்சி. இவர்களில் பெரும்பாலோர் நோலன் ரசிகர்கள். ‘டெனெட்’ இந்தியத் தியேட்டர்களுக்கு வந்தது 2020 டிசம்பரில். அதைப் புரிந்துகொள்வதே ஒரு போட்டித் தேர்வு மாதிரி ஆகியிருந்த நேரம். எட்டு மாதம் கழித்து வந்த ப்ராஜெக்ட் அக்னியையும் அதே கண்ணாடியில் பார்த்தார்கள். ‘விளக்கம்’ வீடியோக்கள் வரிசையாக வந்தன. படத்தில் சொன்ன ஒவ்வொரு கோட்பாட்டையும் எடுத்து, அம்புக்குறி போட்டு, ‘இதுதான் அர்த்தம்’ என்று முடித்தார்கள். விளங்கிவிட்டால் ரசித்துவிட்டதாகக் கணக்கு.

ஆனால் அந்தக் கோட்பாடுகள் படத்தின் சொத்தே இல்லை. உலகம் ஒரு கணினிப் பாவனையாக இருக்கலாம் என்ற வாதத்தை நிக் பாஸ்ட்ரம் 2003லேயே நிகழ்தகவுக் கணக்காக எழுதிவிட்டார். அதற்கு முன்பே 1999ல் ‘மேட்ரிக்ஸ்’ வந்துவிட்டது. இருபது வருஷம் பழைய சரக்கு. அதைக் கேட்டு வியந்தேன் என்று சொன்னால், முதல் தடவை கேட்கிறீர்கள் என்றுதான் பொருள். அதில் தப்பில்லை, ஆனால் அது படத்தின் சாதனை ஆகாது.

வியப்பு எங்கிருந்து வருகிறது? இதற்குப் பழைய அளவுகோல் ஒன்று நம்மிடமே இருக்கிறது. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. வியப்புக்கு அங்கே பெயர் மருட்கை. அது பிறக்கிற இடங்கள் நான்கு: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். பெருமை என்றால் அளவில் பெரியது, சிறுமை என்றால் நுணுகியது, ஆக்கம் என்றால் ஒன்று இன்னொன்றாகத் திரிந்து நிற்பது. அறிவு போதாமல் திகைக்கிற நிலையைத்தான் மருட்கை என்கிறார்கள். அப்படியென்றால் விளக்கம் வீடியோ செய்வது வியப்பைக் கூட்டுவதா, கழிப்பதா?

ப்ராஜெக்ட் அக்னி புதுமையையும் பெருமையையும் நம்பிப் பணம் கட்டுகிறது. பிரபஞ்சம், படைத்தவர்கள், மனித இனத்தின் தோற்றம் என்று எல்லாமே பெரிசு. சிறுமை பக்கம் திரும்பவே இல்லை. சுஜாதாவின் நாவலில் பெரிய சர்வாதிகார அரசு இருக்கிறது, ஆனால் நமக்கு நினைவில் நிற்பது ஜீனோ என்ற குட்டி இயந்திர நாய். எங்கள் பக்கம் நடுகல் பார்க்கப் போகிறவர்களுக்கும் இதே அனுபவம் உண்டு. வாளேந்திய வீரர்கள் வரிசையாக இருப்பார்கள். ஆனால் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், வீரனோடு கோவிவன் என்ற அவன் நாயையும் செதுக்கிப் பெயரும் பொறித்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில், கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்பதற்காக ஒரு நாய்க்குக் கல்லில் பெயர்! அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். இந்தப் படத்தில் அப்படி ஒரு சின்னப் பொருள் இல்லை. மனைவி லட்சுமி (பூர்ணா) அதுவாக இருந்திருக்கலாம். அவருக்குக் கிடைத்தது சில நிமிடங்கள்தான்.

மிச்சம் இருப்பது ஆக்கம். படம் உண்மையில் ஜெயிப்பது இங்கே, இதை இரண்டு கட்சியும் பேசவில்லை. மறுபடி பார்த்தபோது அரவிந்த் சுவாமியை விட்டுவிட்டேன். பிரசன்னா கேட்கிற விதத்தை மட்டும் கவனித்தேன். நண்பன் சொல்வதை நம்ப முடியாமல் தவிக்கிற முகமாக முதல் முறை தெரிந்தது, இரண்டாம் முறை வேலை முடியக் காத்திருக்கிற முகமாகத் தெரிகிறது. அதே காட்சி, அதே வசனம், ஆள் மட்டும் மாறிவிட்டான். வரைகலை ஏதும் வேண்டியிருக்கவில்லை. பெயர்களையும் பாருங்கள்: விஷ்ணு, கிருஷ்ணா, பேச்சில் வருகிற கல்கி. கிருஷ்ணனும் கல்கியும் விஷ்ணுவின் அவதாரங்கள் என்பது நம்மூர்ப் பாட்டிக்கும் தெரியும். ஒருவரே இன்னொருவராக வரக்கூடும் என்ற துப்பைப் படம் முதலிலேயே கையில் கொடுத்துவிட்டது. நாம்தான் பிரபஞ்ச ரகசியத்தில் மூழ்கிக் கோட்டை விடுகிறோம். ‘துருவங்கள் பதினாறு’ எடுத்தவரின் பழக்கம் இது. அங்கேயும் கதை சொல்கிறவரின் வாயைப் பார்க்கவைத்து, கேட்கிறவரை ஓரத்தில் உட்காரவைத்திருப்பார்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. இதெல்லாம் விஞ்ஞானம் என்று நம்பிய இளைஞர்கள் சிலரைச் சந்தித்திருக்கிறேன். நடுகல் படம் அனுப்பி, “அண்ணா, வீரன் தலைக்கு மேல இருக்கிறது விண்கலமா?” என்று கேட்டான் ஒரு பையன். அது குடை என்று சொன்னால் அவனுக்கு ஏமாற்றம். விஷ்ணு சொல்வது கதைக்குள் ஒரு பாத்திரம் சொல்வது. அதுவும் ஆள் தெரியாமல் ரகசியத்தைக் கொட்டிவிட்டு ஏமாந்து நிற்கிற பாத்திரம். அந்த வாயிலிருந்து வந்ததை வேதமாக எடுத்துக்கொண்டவர்கள் கடைசி இரண்டு நிமிடத்தை மறுபடி பார்க்கலாம். பையனுக்கும் அதையே எழுதி அனுப்பினேன். குடையின் படத்தையும் கொஞ்சம் பெரிதாக்கி.