புயலுக்கு முன்னால் வந்தவர்கள்

பிரேசிலின் அலைச்சறுக்கு வீரர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு பெயரைத் தவறாமல் சொல்லிவிடுவார்கள்: 'பிரேசில் புயல்'. 2010களின் தொடக்கத்தில் ஆங்கில சர்ஃபிங் உலகம் வைத்த பெயர் அது. அதுவரை அந்த விளையாட்டு பெரும்பாலும் அமெரிக்கர்கள், ஆஸ்திரேலியர்கள், ஹவாய்க்காரர்கள் கையில் இருந்தது. 2014இல் கேப்ரியல் மெதினா உலகப் பட்டம் வென்றார். பிரேசிலுக்கு அது முதல் பட்டம். மறு ஆண்டே அட்ரியானோ டி சூசா வென்றார். 2018இல் மீண்டும் மெதினா, 2019இல் இதாலோ ஃபெரேரா, 2021இல் மூன்றாம் முறையாக மெதினா, 2022, 2023 இரண்டிலும் ஃபிலிப்பே டொலேடோ, 2025இல் யாகோ டோரா. கொரோனா காரணமாக 2020இல் பட்டம் வழங்கப்படவில்லை. மிச்சமுள்ள 11 பருவங்களில் 8 பட்டங்கள் ஒரே நாட்டுக்குப் போயிருக்கின்றன.

சாதனை பெரியது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தச் சாதனையைச் சொல்லும் கதையில்தான் எனக்குக் கேள்விகள் இருக்கின்றன. ஐந்து பெயர்கள், ஐந்தும் ஆண்கள். பெண்கள் ஏன் இல்லை என்று கேட்டால் உடனே பதில் வரும்: அவர்கள் பட்டம் வெல்லவில்லை. உண்மைதான். இன்றுவரை எந்தப் பிரேசில் பெண்ணும் அலைச்சறுக்கின் உலகச் சுற்றில் பட்டம் வென்றதில்லை. ஆனால் 2014க்கு முந்தைய தரவரிசையைப் புரட்டினால் வேறொரு விஷயம் கண்ணில் படும். மெதினாவுக்கு முன் பிரேசில் ஆண் ஒருவர் எட்டிய மிக உயர்ந்த இடம் மூன்றாவது. 1999இல் விக்டர் ரிபாஸ் அதை எட்டினார். பெண்களோ அதைத் தாண்டிப் போயிருந்தார்கள். 2002இல் ஜாக்குலின் சில்வா உலக அளவில் இரண்டாம் இடம். 2008இலும் 2009இலும் சில்வானா லிமா இரண்டாம் இடம். மெதினா வருவதற்கு முன்பே பிரேசில்காரர்கள் மூன்று முறை பட்டத்தின் வாசல்வரை போயிருக்கிறார்கள். மூன்று முறையும் போனவர்கள் பெண்கள். புயல் எங்கே தொடங்கியது என்று சொல்லும்போது இந்த மூன்று ஆண்டுகளும் கணக்கில் வருவதில்லை.

பெண்கள் பிரிவில் போட்டி குறைவு, அதனால் இரண்டாம் இடம் எளிது என்று வாதிடலாம். போட்டி குறைவாக இருந்தது யாருடைய முடிவு? உலகச் சுற்றில் அண்மைக்காலம் வரை ஆண்களுக்கு 36 இடங்கள் என்றால் பெண்களுக்கு 18. பாதி வாசலை அடைத்துவிட்டு, கூட்டம் குறைவாக வருகிறது என்று சொல்வது நமக்குப் பழக்கமான நியாயம்தான். உலக சர்ஃப் லீக் 2018இல் ஒரு முடிவை அறிவித்து, 2019 முதல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமப் பரிசுத்தொகை வழங்கியது. அது வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் பரிசு சமமான பிறகும் இடம் பாதியாகவே இருந்தது. உள்ளே வந்தவளுக்குத்தான் சமத்துவம், வாசலில் நிற்பவளுக்கு இல்லை.

பட்டமே இல்லை என்பதும் முழு உண்மையல்ல. குட்டையான பலகையில் நெஞ்சைக் கிடத்தி அலையில் விரையும் பாடிபோர்டிங் என்றொரு விளையாட்டு இருக்கிறது. அதில் பிரேசில் பெண்கள் நெடுங்காலமாக உலக முதன்மையில் இருக்கிறார்கள். நெய்மாரா கர்வால்யோ மட்டுமே ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவர். ஆனால் சர்ஃபிங் உலகில் நின்று சறுக்குவதற்கு இருக்கும் மதிப்பு படுத்துச் சறுக்குவதற்கு இல்லை. பெண்கள் குவிந்த விளையாட்டுக்கு மதிப்பு குறைவதும், மதிப்புக் குறைந்த விளையாட்டில் பெண்களுக்கு இடம் கிடைப்பதும் ஒன்றையொன்று வளர்க்கும். நெய்மாராவின் ஐந்து பட்டங்கள் புயல் கணக்கில் சேராததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இப்போது இரண்டு வாழ்க்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பிரேசிலின் வடகிழக்கு, நாட்டின் வறிய பகுதிகளில் ஒன்று. அங்கே ரியோ கிராண்டி டோ நோர்ட்டி மாநிலத்தில் பையா ஃபொர்மோசா என்ற மீனவர் ஊர். இதாலோ ஃபெரேரா அங்கே பிறந்தவர். அப்பா மீன் வாங்கி விற்பவர். மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டியின் மூடிமேல் ஏறித்தான் இதாலோ அலையைப் பழகினார். அவரைப் பற்றிய எந்தக் கட்டுரையிலும் அந்த மூடி வந்துவிடும். டோக்கியோ ஒலிம்பிக்கில் சர்ஃபிங் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது தங்கம் வென்றவர் அவர். இறுதிப் போட்டியின் தொடக்கத்திலேயே பலகை உடைந்தும், வேறொன்றை எடுத்துக்கொண்டு போய் வென்றார். மூடியில் தொடங்கி உடைந்த பலகை வரை, வறுமை அவருடைய கதைக்கு ஒளி கூட்டுகிறது.

பக்கத்து மாநிலமான சியாராவில் பராகுரு என்ற கடலோர ஊர். சில்வானா லிமா அங்கே கடற்கரைக் குடிசையில் வளர்ந்தவர். அவரும் ஒரு மரப்பலகைத் துண்டில்தான் அலையைப் பழகினார். அதே வடகிழக்கு, அதே வறுமை, அதே கைக்குக் கிடைத்த பலகை. ஆனால் உலக அளவில் இரண்டு முறை இரண்டாம் இடம் பெற்ற பிறகும் அவருக்கு நிலையான ஸ்பான்சர் கிடைக்கவில்லை. வீட்டை விற்றார், காரை விற்றார், பிரெஞ்சு புல்டாக் நாய்க்குட்டிகளை வளர்த்து விற்றுப் போட்டிகளுக்குப் போனார். 2016இல் பிபிசிக்குத் தந்த நேர்காணலில் அவர் காரணத்தை மறைக்காமல் சொன்னார். தன் தோற்றம் மாடல் அழகிகளின் தோற்றம் அல்ல, பெண்களுக்கான சர்ஃபிங் ஆடை விற்கும் நிறுவனங்கள் வீராங்கனையையும் மாடலையும் ஒரே உடலில் தேடுகின்றன, அப்படி இல்லாதவள் ஒதுக்கப்படுகிறாள் என்பது அவர் சொன்னதன் சாரம்.

ஆணின் வறுமை அவனுடைய பூர்வ கதையாகிறது. தடைகளைக் கடந்தான் என்பதற்கு அது சாட்சி. பெண்ணின் வறுமை அவளுடைய தோலிலும் பல்வரிசையிலும் கூந்தலிலும் தேடிப் பார்க்கப்படுகிறது. விளம்பரத்துக்கு ஆகாதவள் என்பதற்கு அது ஆதாரம். ஒரே மூலதனம் இரண்டு உடல்களை இரண்டு விதமாக வாசிக்கிறது. ஆணின் உடலில் அது திறமையைப் பார்க்கிறது. பெண்ணின் உடலில் முதலில் உடலைத்தான் பார்க்கிறது. திறமை பிற்பாடு, முடிந்தால்.

ஸ்பான்சர் போனால் என்ன, பரிசுத்தொகை இருக்கிறதே என்று தோன்றலாம். இந்த விளையாட்டின் பொருளாதாரம் அப்படி இயங்குவதில்லை. உலகச் சுற்றுக்குள் நுழைய தகுதிப் போட்டிகளில் புள்ளி சேர்க்க வேண்டும். அவை பல நாடுகளில் நடக்கும். விமானக் கட்டணம், தங்குமிடம், அடிக்கடி உடையும் பலகைகள் எல்லாம் போட்டியாளரின் செலவு. பரிசு கிடைப்பது வென்ற பிறகு. செலவோ கிளம்புவதற்கு முன்பே. இடையிலுள்ள பள்ளத்தை நிரப்புவதுதான் ஸ்பான்சரின் பணம். அது இல்லாதவள் தோற்பது கடலில் அல்ல, விமான நிலையத்துக்குப் போவதற்கு முன்பே. இத்தனைக்கும் பிறகு சில்வானா 2017இல் அமெரிக்காவின் டிரெஸ்ல்ஸ் அலையில் உலகச் சுற்றுப் போட்டியை வென்றார். 36 வயதில் டோக்கியோ ஒலிம்பிக்கில் காலிறுதி வரை போனார். இதாலோ தங்கம் வென்ற அதே கடற்கரையில்தான் அவரும் அலை ஏறினார்.

புயல் கதையில் பணத்தைப் போலவே முக்கியமான இன்னொன்று, கடல் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பது. ஃபிலிப்பே டொலேடோவின் அப்பா ரிக்கார்டோ, பிரேசிலின் முன்னாள் தேசிய சாம்பியன். மெதினாவைப் பல ஆண்டுகள் பயிற்றுவித்தவர் அவருடைய மாற்றுத் தந்தை. யாகோ டோராவின் பயிற்சியாளர் அவருடைய அப்பா லியாண்ட்ரோ. அட்ரியானோவுக்கு முதல் பலகையை வாங்கித் தந்தவர் அண்ணன். நிலம் அப்பனிடமிருந்து மகனுக்குப் போவதை நாம் நன்றாக அறிவோம். பட்டா இல்லாத கடலும் அப்படித்தான் போகிறது.

கடலை உரிமையாகப் பெறாதவள் அங்கே போனால் என்ன ஆகும் என்பதற்கு மாயா கபெய்ராவின் அனுபவம் இருக்கிறது. ரியோவில் வசதியான, அரசியல் பின்னணி கொண்ட குடும்பத்தில் பிறந்தவர் அவர். போட்டிச் சுற்றை விட்டு ராட்சத அலைகளைத் தேடிப் போனார். 2013 அக்டோபரில் போர்ச்சுகலின் நசாரேயில் அலையில் விழுந்து, நினைவிழந்து, சாவின் விளிம்புக்குப் போனார். அவரை இழுத்து வந்து உயிர்ப்பித்தவர் உடன் சென்ற பிரேசில் வீரர் கார்லோஸ் பூர்லே. அமெரிக்காவின் புகழ்பெற்ற பெரிய அலை வீரர் லேர்ட் ஹாமில்டன் தொலைக்காட்சியில் சொன்ன கருத்து, அப்படிப்பட்ட அலைக்குரிய திறமை மாயாவுக்கு இல்லை, அவர் அங்கே இருந்திருக்கவே கூடாது என்பது. மாயாவுக்குப் பொறுப்பு பூர்லே என்றும் சொன்னார். பெரிய அலையில் ஆண்களும்தான் விழுகிறார்கள். ஆண் விழுந்தால் அலையின் வலிமை பேசப்படும். பெண் விழுந்தால் அவள் தகுதியும், அவளை அழைத்துப்போனவனின் பொறுப்பும் பேசப்படும்.

அவர் திரும்பி வந்த விதம்தான் எனக்கு இன்னும் முக்கியம். முதுகில் அறுவை சிகிச்சைகளைக் கடந்து, 2018 ஜனவரியில் அதே நசாரேயில் 68 அடி அலையில் சறுக்கினார். பெண்களுக்கான மிகப் பெரிய அலை என்ற சாதனைப் பிரிவே அப்போது இல்லை. அந்தப் பிரிவை உருவாக்கச் சொல்லி அவர் இணையத்தில் கையெழுத்து இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. அலையில் சறுக்கியதற்கும் கின்னஸ் சான்றிதழ் வந்ததற்கும் இடையில் பல மாதங்கள். 2020 பிப்ரவரியில் 73.5 அடி அலையில் தன் சாதனையைத் தானே முறியடித்தார். அந்தப் பருவத்தில் ஆண், பெண் யார் சறுக்கிய அலைகளிலும் அதுவே மிகப் பெரியது என்று அறிவிக்கப்பட்டது. பெண்ணின் சாதனையை அளக்க, முதலில் அளவுகோலையே அவள் செய்ய வேண்டியிருக்கிறது. சில்வானாவுக்கு அப்படி ஓர் இயக்கம் நடத்தும் வசதியோ செல்வாக்கோ இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பாரிஸ் ஒலிம்பிக்குக்கு வருவோம். சர்ஃபிங் போட்டிகள் டஹிட்டி தீவின் டெயாஹுபோ அலையில் நடந்தன. 2024 ஜூலை 29 அன்று ஜெரோம் ப்ரூயே எடுத்த படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மெதினா விரலை வானத்தை நோக்கி உயர்த்தியபடி, பலகையும் பக்கத்திலேயே செங்குத்தாக, காற்றில் நிற்பதுபோன்ற படம். அற்புதமான படம், அதனால் உலகெங்கும் பரவியது. மெதினா வென்றது வெண்கலம். அதே அலையில் பிரேசிலின் டாட்டியானா வெஸ்டன்-வெப் வெள்ளி வென்றார். இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் கரோலின் மார்க்ஸ் 10.50, டாட்டியானா 10.33. தங்கத்துக்கும் அவருக்கும் இடைவெளி 0.17 புள்ளிதான். எத்தனை பேர் நினைவில் அந்த வெள்ளி இருக்கிறது?

ஒரு படத்தின் மேல் பழி போட நான் விரும்பவில்லை. ஆனால் இந்த டெயாஹுபோவில் உலகச் சுற்றின் பெண்கள் போட்டி 2006க்குப் பிறகு 16 ஆண்டுகள் நடத்தப்படவே இல்லை. 2022இல்தான் திரும்ப வந்தது. போட்டியே நடக்காத இடத்தில் பெண்களின் படம் எங்கிருந்து வரும்? ஓர் அலையைப் பற்றிய பொது நினைவு, அங்கே யாரை இறங்க விட்டோம் என்பதிலிருந்து உருவாகிறது. திரும்ப வந்த இரண்டே ஆண்டுகளில், 2024 மே மாதம், டாட்டியானா அங்கே பத்துக்குப் பத்துப் புள்ளி எடுத்தார்.

டாட்டியானாவின் வெள்ளியிலும் ஒரு செய்தி இருக்கிறது. அவர் போர்ட்டோ அலெக்ரேயில் பிறந்து, ஹவாயின் கவாய் தீவில் வளர்ந்தவர். 2018இல்தான் பிரேசில் கொடிக்கு மாறினார். பாரிஸில் பிரேசிலுக்காகக் களம் இறங்கிய மூன்று பெண்களில் லுவானா சில்வாவும் ஹவாயில் வளர்ந்தவர். பிரேசிலின் கடற்கரையிலேயே வளர்ந்தவர் டைனா ஹிங்கெல் மட்டும். ஆண் சாம்பியன்கள் ஐவரையும் தன் கடற்கரைகளிலேயே வளர்த்தெடுத்த நாட்டுக்கு, பெண்களை அனுப்பும்போது ஹவாயின் துணை தேவைப்பட்டிருக்கிறது. இது அந்தப் பெண்களின் குறையல்ல. உள்ளூரில் எத்தனை சில்வானாக்கள் பாதியில் நின்றிருப்பார்கள் என்பதைக் காட்டும் கணக்கு. வடகிழக்கின் கறுப்பினப் பெண்களுக்கு அந்தப் பாதை இன்னும் ஒடுக்கமானது. முன்னாள் வீராங்கனையும் பத்திரிகையாளருமான எரிகா பிராடோ போன்றவர்கள் 'சர்ஃபிஸ்டாஸ் நெக்ராஸ்' என்ற பெயரில், அதாவது கறுப்பின அலைச்சறுக்குப் பெண்கள் என்று, தாங்களே திரள வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. டாட்டியானாவின் அம்மா தனிரா ஒரு பிரேசில் பாடிபோர்டிங் வீராங்கனை. யாரும் பெரிதாக மதிக்காத அந்தக் குட்டைப் பலகையிலிருந்துதான் ஒலிம்பிக் வெள்ளிக்கு ஒரு வழி போயிருக்கிறது. அப்பாக்களின் வரிசையைக் கட்டுரைகள் மனப்பாடமாகச் சொல்கின்றன. இந்தத் தாய்வழியை எழுத ஆளில்லை.

புயல் என்ற பெயரில் எனக்குள்ள சிக்கல் இதுதான். புயலை யாரும் உண்டாக்குவதில்லை, அது தானாக வரும் என்பது நம் எண்ணம். பிரேசில் ஆண்களின் எழுச்சி அப்படித் தானாக வரவில்லை. அப்பாக்களின் உழைப்பு, நிறுவனங்களின் பணம், 36 இடங்கள், படம் எடுக்கக் கேமராக்கள் எல்லாம் சேர்ந்து அவர்களின் திறமைக்கு வழி விட்டன. அதையெல்லாம் இயற்கையின் கணக்கில் எழுதிவிட்டால், பெண்கள் பட்டம் வெல்லாததும் இயற்கையாகிவிடும். பிறகு யாரிடமும் கணக்குக் கேட்க முடியாது. 2002, 2008, 2009 என்ற மூன்று ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அடுத்த முறை யாராவது பிரேசில் அலைச்சறுக்கின் கதையை 2014இல் தொடங்கினால், அங்கேயே நிறுத்திக் கேட்க அந்த மூன்று எண்கள் போதும்.