யோஹான் நியூஹோஃப்: சில குறிப்புகள்

தூத்துக்குடியில் எந்த விழா மலரைப் புரட்டினாலும் ஒரு கட்டுரை தவறாமல் இருக்கும். பெரிப்ளூஸ் சொல்கிறது, தாலமி சொல்கிறார், மார்க்கோ போலோ வியக்கிறார் என்று அது ஆரம்பித்து, நம் முத்தின் பெருமைக்கு அந்நியர்கள் எழுதிக் கொடுத்த நற்சான்றிதழ்களை வரிசையாக அடுக்கும். வரிசையின் கடைசிப் பக்கம் நியூஹோஃப் என்ற பெயரும் வரும். 'டச்சு யாத்ரீகர்' என்று ஓர் அடைமொழி, அவ்வளவுதான். மறுபக்கம், 'காலனியப் பார்வை' என்ற ஒற்றைச் சொல்லால் இத்தகைய ஆட்களையெல்லாம் துடைத்தெறிந்துவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்களும் பெருகியிருக்கிறார்கள். இரண்டு தரப்பாருக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. இருவருமே அவரைப் படிப்பதில்லை.

முதலில், 'டச்சு' என்பதே பாதிதான் சரி. யோஹான் நியூஹோஃப் 1618-இல் பிறந்தது பெந்தைம் சிற்றரசில், இன்றைய ஜெர்மனிக்குள் இருக்கும் யூல்ஸன் என்ற எல்லையோர ஊரில். எழுதியது டச்சு மொழியில். 1640-இல் டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து பிரேசிலுக்குப் போனார். கரும்புத் தோட்டங்களும் அடிமைகளும் நிறைந்திருந்த அந்தத் தேசத்தில், 1645-இல் போர்த்துக்கீசியத் தோட்டக்காரர்கள் கிளர்ந்தெழுந்ததை உள்ளிருந்து பார்த்தார். 1649-இல் அங்கிருந்து கிளம்பினார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி. 1655 முதல் 1657 வரை சீனச் சக்கரவர்த்தியிடம் சென்ற தூதுக்குழுவில் அவர் காரியஸ்தர். சாப்பாடு, தங்கும் இடம் இவற்றைக் கவனிப்பதும், வழியில் கண்டதையெல்லாம் வரைந்துவைப்பதும் அவர் பொறுப்பு. 1660-களில் கொல்லம், தூத்துக்குடி, இலங்கை. அங்கே கள்ளத்தனமாக முத்து வியாபாரம் செய்தார் என்று குற்றச்சாட்டு, சிறை. பின்பு பட்டேவியா. 1672-இல் மடகாஸ்கர் கரையில் இறங்கியவர் திரும்பி வரவில்லை. தேடியும் கிடைக்கவில்லை.

இது ஒரு சாகச நாவலின் சுருக்கம் போல இருக்கிறது. இதை நம்பித்தான் அவரிடம் போகிறோம், போய் ஏமாறுகிறோம். ஏனெனில் அவர் புத்தகத்தில் சாகசக்காரன் இல்லை. குமாஸ்தாதான் இருக்கிறான். என்ன விளைகிறது, என்ன விலை போகிறது, யார் யாருக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள், கோட்டைச் சுவர் இருக்கிறதா இல்லையா. பி.ஏ. ஆங்கிலத்தில் எங்களுக்கு 'ராபின்சன் குரூஸோ' பாடமாக இருந்தது. கப்பலிலிருந்து கரை சேர்த்த சாமான்களைக் குரூஸோ எண்ணுகிற பக்கங்களை எங்கள் ஆசிரியர் 'அலுப்பான பகுதி' என்று தாண்டிப் போனார். டீஃபோவின் கலையே அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது என்பது எனக்குப் பல வருஷம் கழித்து, வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்த பிறகே பிடிபட்டது. டீஃபோ 1719-இல் கற்பனையாகச் செய்ததன் நிஜ மூலப்பொருள் நியூஹோஃப் போன்றவர்களின் கணக்குதான். கலைஞனிடம் எண்ணிக்கை மனிதனைக் காட்டுகிறது. நியூஹோஃபிடம் மனிதன் எண்ணிக்கைக்குப் பின்னால் நின்றுகொள்கிறான்.

இங்கே ஒரு சிக்கல். நியூஹோஃபின் குரல் என்று நாம் கேட்பது நியூஹோஃபின் குரல்தானா? அவருடைய சீனப் புத்தகம் 1665-இல் ஆம்ஸ்டர்டாமில் யாக்கோப் வான் மூர்ஸ் என்ற பதிப்பாளரால் சுமார் 150 படங்களுடன் வெளியாயிற்று. ஐரோப்பா சீனாவைப் பல தலைமுறைகளுக்கு அந்தப் படங்களின் வழியாகத்தான் பார்த்தது. 1984-இல் பாரிஸில், பிரெஞ்சு தேசிய நூலகத்தில், நியூஹோஃபின் கையெழுத்துப் பிரதி அவருடைய சொந்தக் கோட்டோவியங்களோடு கண்டெடுக்கப்பட்டது. லெனார்ட் புளூஸே என்ற டச்சு சரித்திர ஆசிரியர் கண்டெடுத்தார். ஒப்பிட்டபோது விஷயம் வெளிச்சமாயிற்று. நியூஹோஃப் வரைந்தவை பெரும்பாலும் எளிய கோடுகள்: ஓர் ஆறு, தூரத்தில் ஒரு மதில், படகு. அச்சில் வந்தவற்றிலோ பனை மரங்கள், விநோத உடையணிந்த மனிதர்கள், முன்னால் ஏதாவது ஒரு காட்சி. அவர் சும்மா விட்டுவைத்த வெற்றிடம் பதிப்பாளருக்குப் பொறுக்கவில்லை. வாசகன் தான் எதிர்பார்க்கும் கிழக்கைப் பார்க்க வேண்டாமா?

தூத்துக்குடி வருவது வேறொரு புத்தகத்தில். பிரேசிலையும் கிழக்கிந்திய நாடுகளையும் பற்றிய அந்தப் பயண நூலை 1682-இல் தம்பி ஹென்ட்ரிக் வெளியிட்டார். அச்சிட்டது வான் மூர்ஸின் விதவை. எழுதியவர் காணாமல் போய்ப் பத்து வருஷமாகியிருந்தது. சீனப் புத்தகத்துக்குக் கிடைத்த மாதிரி ஒரு மூலப் பிரதியை வைத்துக்கொண்டு இதைச் சோதிக்கும் வசதி வாசகனாகிய எனக்கு இல்லை. நான் படித்ததும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில்தான். ஆக, கண்டவன் ஒருவன், தொகுத்தவன் ஒருவன், அலங்கரித்தவன் ஒருவன், மொழிபெயர்த்தவன் ஒருவன். இப்படி நாலு கை மாறி வந்த சரக்கைத்தான் நம் விழா மலர்க்காரர்கள் நேரில் கண்ட சாட்சியாகக் காட்டுகிறார்கள்.

அப்படியானால் இதில் எதை நம்புவது? இது விமர்சனத்தின் கேள்வி, சரித்திரத்தின் கேள்வி மட்டுமல்ல. என் அளவுகோல் ஒன்றுதான். எந்த வாக்கியம் ஓர் இடத்தில் நின்று பார்த்தவனால் மட்டுமே எழுதக்கூடியது? இந்த ஊர் மதிலில்லாத ஊர் என்றும், போர்த்துக்கீசியர் கட்டிய மூன்று பெரிய மாதா கோயில்கள் கடலில் வெகுதூரத்திலிருந்தே தெரிகின்றன என்றும் நியூஹோஃப் சொல்கிறார். இதில் அலங்காரம் ஏதுமில்லை. ஆனால் தோணியில் வந்தவன் கண் இருக்கிறது. தட்டையான, மணலும் உப்புமான கரை. அதில் நிமிர்ந்து நின்றவை அவை மட்டும்தான். 1658-இல் டச்சுக்காரர்கள் இந்த ஊரைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்துவிட்டார்கள். ஆட்சி மாறி, பாதிரிமார் விரட்டப்பட்டு, புராட்டஸ்டண்ட் போதகர்கள் வந்தும், பரதவ மக்கள் தங்கள் மாதாவை விட்டு அசையவில்லை. போதகராக வந்த பால்டேயஸ் அந்தத் தோல்வியைத் தாமே பதிவு செய்திருக்கிறார். தோற்ற மதத்தின் கோபுரங்கள்தாம் ஜெயித்தவனின் கப்பலுக்கு அடையாளம் காட்டின. நியூஹோஃப் இந்த முரணைச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அந்த வாக்கியத்தின் பலமும் அதுவே. மாறாக, ஜனங்களின் குணம், பழக்கம் என்று அவர் பொதுவாக எழுதத் தொடங்கும்போது தூத்துக்குடி மறைந்துவிடுகிறது. அந்தப் பக்கங்களை வேறு எந்தக் கரையின் பெயரிட்டும் அச்சிட்டிருக்கலாம்.

இனி முத்து. சலாபம் என்பது நம் கற்பனையில் முத்துக்களை அள்ளுகிற திருவிழா. நிஜத்தில் அது ஒரு கணக்கு. முதலில் பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து மதிப்பிட்ட பிறகே குளிப்பு அறிவிக்கப்படும். டச்சுக்காரர் காலத்தில் வரி, குளிக்கிற ஆளுக்கல்ல, அவன் காலில் கட்டி இறங்கும் கல்லுக்கு. மதுரை நாயக்கருக்கும் சேதுபதிக்கும் வரியில்லாக் கற்கள் உண்டு. பின்னால் பிரிட்டிஷார் நடத்திய சலாபங்களில், குளித்தெடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. ஏலம் போனது முத்தல்ல, திறக்காத சிப்பி. ஆயிரம் ஆயிரமாக. வாங்கியவன் அதை அழுகவிட்டுக் கழுவிப் பார்த்த பிறகுதான் லாபமா நஷ்டமா என்று தெரியும்.

எங்கள் கிளைக்குப் பணம் எடுக்க ஒரு பெரியவர் வருவார். எண்பதைத் தாண்டியவர், இளம் வயதில் 1961-இல் நடந்த சலாபத்தில் குளித்தவர். அதுதான் இந்தக் கரையில் நடந்த கடைசிச் சலாபம். ஒருநாள் கூட்டமில்லாத மதியத்தில், "பெரிய முத்து ஏதாவது கண்டிருக்கிறீர்களா, தாத்தா?" என்று கேட்டேன். "முத்தா? முத்த எங்க கண்டோம் தம்பி? சிப்பியத்தான் கண்டோம். கொட்டுல கொண்டு எண்ணிப் போட்டா நம்ம சோலி முடிஞ்சிது" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. நான் தவறான கேள்வி கேட்டுவிட்ட மாதிரி சொன்னார்.

அதற்குப் பிறகு நியூஹோஃபின் மீதிருந்த குற்றச்சாட்டு எனக்கு வேறு விதமாகத் தோன்ற ஆரம்பித்தது. கம்பெனி ஊழியர்கள் சொந்த வியாபாரம் செய்யக் கூடாது என்பது விதி. பலரும் செய்தார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். முத்து போலச் சிறியதும் விலை மிக்கதும் ஒளித்துவைக்க எளிதானதும் வேறு எது? அவர் குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. நாள் முழுக்க அடுத்தவர் பணத்தை எண்ணிக் கட்டி வைக்கிறவனுக்கு அந்த ஆசையின் நாற்றம் கொஞ்சம் தெரியும் என்று மட்டும் சொல்வேன். ஆனால் இந்தக் குற்றச்சாட்டை மனதில் வைத்துக்கொண்டு அவர் பக்கங்களுக்குத் திரும்பும்போது, பொருளை அவ்வளவு நுட்பமாக விவரிக்கிற கை, பொருளின் மேல் தனக்கிருக்கும் ஆசையைப் பற்றி எழுதாமல் விட்டது தெளிவாகத் தெரிகிறது. கணக்கு நடை நேர்மையானது என்று நாம் நினைத்துவிடுகிறோம். ஒளிந்துகொள்ள அதைவிடச் செளகரியமான நடை இல்லை.

இந்தக் கரையை உள்ளிருந்து எழுதுவதற்கு நமக்கு வெகுகாலம் பிடித்தது. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977-இல் வந்தது. ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' 2004, 'கொற்கை' 2009. இவற்றின் தகுதிகளைப் பற்றி இந்தப் பக்கங்களிலேயே சண்டை போட்டுக்கொள்ளலாம். ஆனால் இவை வந்த பிறகும் நம் பெருமையை நிரூபிக்க நாம் நியூஹோஃபிடம்தான் போகிறோம் என்றால், கோளாறு அவரிடம் இல்லை. ஏலத்தில் எடுத்த சிப்பியைத் திறந்து பார்க்காமலே முத்தின் எடையைப் பேசுகிறவர்களிடம் இருக்கிறது.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011-இல் வ.உ.சிதம்பரனார் பெயர் வைத்தார்கள். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்தவரின் பெயர், ஆங்கிலத்தில் சுருக்கினால் வி.ஓ.சி. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரையிலிருந்ததும் அதே மூன்று எழுத்துக்கள். தற்செயல்தான். ஆனால் எழுத்தை மட்டும் பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்று.

டச்சு மொழி தெரிந்த யாராவது அந்த 1682-ஆம் வருஷப் புத்தகத்தின் தூத்துக்குடிப் பக்கங்களை மூலத்திலிருந்து, ஒரு வரியும் விடாமல், ஒரு பனை மரமும் கூடுதலாக நடாமல் தமிழில் தந்தால் நல்லது. அதுவரை நான் மேலே சொன்னவற்றைத் தற்காலிகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.