டோரா காத்திருந்த நேரம்

கார்ட்டூன் சிறுமி டோரா கேள்வி கேட்டுவிட்டுக் கண்ணை இமைத்தபடி நிற்பாள். பாலமா, மலையா? வீட்டுக்குள்ளிருந்து நாம் கத்தியே ஆகவேண்டும். அந்த இரண்டு விநாடி மௌனத்தில்தான் நிகழ்ச்சியின் உயிர் இருந்தது. குள்ளநரி திருட வந்தால் தெருவே சேர்ந்து தடுக்கும். முதுகுப்பையும் வரைபடமும்கூடத் தமிழ் பேசின!

2007-இல் தொடங்கிய சுட்டி டிவியில் டோராவைப் பார்த்து, ஜாக்கி சான் கார்ட்டூனின் பன்னிரண்டு மந்திரக் கற்களைத் தேடியவர்கள் இன்று வேலைக்குப் போகிறார்கள். சேனலைத் திருப்பினால் முகங்கள் புதிது, குரல்களும் புதிது. மாறட்டும், பிள்ளைகளும் மாறிவிட்டார்களே. எனக்குள்ள குறை ஒன்றுதான்: இப்போதைய கார்ட்டூன்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன, பதிலுக்கு நிற்பதில்லை. சேனல்காரர்களே, பழைய டோராவை ஞாயிறு காலையிலாவது ஒருமுறை போடுங்கள்.