பூங்காவுக்கு ஒரு ஃபைல்

அகிரா குரோசாவாவின் 'இகிரு' (1952) படத்தில் முதல் ஷாட்டே கதாநாயகனின் வயிற்று எக்ஸ்ரே. கேன்சர். நமக்குத் தெரியும், முனிசிபல் ஆபீஸில் முப்பது வருஷம் முத்திரை குத்திய வாதனாபேக்குத் தெரியாது. டாக்டர், 'சாதாரண அல்சர்தான்' என்று புளுகுகிறார். (நம்ம ஊரிலும், 'பெரியவர்கிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்' உண்டு.)

மனுஷர் குடித்துப் பார்க்கிறார். அந்தப் பகுதி கொஞ்சம் நீளம். அப்புறம்தான் தூசி படிந்த ஒரு மனுவை எடுக்கிறார். சாக்கடை தேங்கும் இடத்தில் குழந்தைகளுக்குப் பூங்கா கேட்டுப் பெண்கள் கொடுத்தது. அதைத் தூக்கிக்கொண்டு டிபார்ட்மென்ட் டிபார்ட்மென்ட்டாக அலைகிறார், குனிகிறார், அவமானப்படுகிறார். படத்துக்குத் தூண்டுதலான டால்ஸ்டாயின் இவான் இலியிச்சுக்குச் சாகும் தறுவாயில்தான் வெளிச்சம். இவருக்கு ஃபைல் வழியாகச் சில மாதம் முன்பே வந்துவிடுகிறது.

முக்கால் மணிக்கு மேல் படம் பாக்கியிருக்கையில் ஹீரோ காலி! துக்க வீட்டில் சகாக்கள் சாக்கே குடித்து, அழுது, 'இனி நாங்களும் அவர் மாதிரிதான்' என்று சபதம் போடுகிறார்கள். மறுநாள் ஆபீஸில் பழைய குருடி, கதவைத் திறடி. குரோசாவா இங்கே ஏமாற்றாததால்தான் அந்தப் பூங்காவை நம்ப முடிகிறது.

2022-ல் இஷிகுரோ திரைக்கதையில் 'லிவிங்' என்று இது லண்டனுக்குப் போனது. பில் நைய் ரொம்ப நாகரிகமாகச் சாகிறார். 47 வயதில் கிழவராகக் கூனிய தகாஷி ஷிமுராவின் கண்ணில் பயம் இருந்தது.