பால்மரம்: தலைப்பில் நிற்கும் ஒரு சொல்

ஆசிரியர்களே, மாணவர்களே, முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படிவம் 5 மாணவர் ஒருவர் கட்டுரையில் 'பாட்டி விடியற்காலையில் மரம் வெட்டினார்' என்று எழுதியிருந்தார். நான் சிவப்பு மையால் அடித்து 'சீவினார்' என்று திருத்தினேன். "டீச்சர், எங்க வீட்டுல மரம் வெட்டுறதுன்னுதான் சொல்வாங்க" என்றார். கிள்ளான் பக்கம் தோட்டத்தில் வாழ்ந்த குடும்பம். அவர் சொன்னது சரி.

அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' நாவலைப் பற்றி எழுதும்போது பலர் நேரே கதைச்சுருக்கத்துக்கு ஓடிவிடுகிறோம். கொஞ்சம் தலைப்பிலேயே நிற்போம், வாங்க.

ரப்பர் பிரேசில் நாட்டு மரம். 1877-இல் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. பிறகு தோட்டங்களில் உழைத்த நம்மவர்கள் அதைப் 'பால்மரம்' என்றார்கள். கள்ளிப்பால், ஆலம்பால் என்று பழகிய வாய் அல்லவா? 'ரப்பர்' சந்தைக்குப் போகும் சரக்கின் பெயர். 'பால்' என்பது மங்கில் சொட்டுவதைப் பார்த்தவரின் சொல். இங்கே 'வெட்டு' என்றால் பட்டையைச் சீவிப் பால் எடுப்பது, மரம் சாயாது. 'காடு' என்பதும் நிரை நிரையாக நட்ட வேலைக்களம்தான்.

ஆகவே 'இயற்கை எழிலைக் காட்டும் தலைப்பு' என்று விடை எழுதினால் பொருந்தாது. இதில் ஆசிரியருக்கும் பங்குண்டு. 'காட்டினிலே' என்ற பாட்டுப் போன்ற முடிவு உழைப்பின் கடுமையைக் கொஞ்சம் மென்மையாக்கிவிடுகிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவருக்கு நம் தோட்டம் எவ்வளவு பிடிபடும் என்றும் நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தலைப்புக்கு அவர் எடுத்தது தொழிலாளர் வாய்ச்சொல்லை.

இலக்கணத்திலும் மரத்தை மறந்துதான் படிக்கிறோம். 'சினைப்பெயர்' மனப்பாடம், சினை என்றால் மரக்கிளை என்பது பலருக்குத் தெரியாது. உறவினரைக் 'கிளைஞர்' என்றதும் மரத்தைப் பார்த்துத்தான். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் மரத்தைக் குறிக்கும் சொல், அயர்லாந்தில் கிளையையும், சங்கத்தின் கிளையையும்கூடக் குறிக்கிறது. மரத்திலிருந்து உறவையும் அமைப்பையும் பேசுவது நமக்கு மட்டும் உரிய வழக்கமில்லை.

மாணவர்களே, தலைப்பை விளக்கும்போது மூன்றைச் சொல்லுங்கள்: சொல்லின் பொருள், அது யாருடைய வாய்ச்சொல், கதையில் அதன் வேலை. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் கேளுங்கள். பிரட்டு, ஒட்டுப்பால் என்று இன்னும் பல சொற்கள் கிடைக்கும்.

ஆசிரியர்களே, திருத்துமுன் ஒரு தடவை மாணவரைக் கேட்போம். நான் அந்தத் தாளில் என் திருத்தத்தை அடித்துவிட்டு, 'தோட்ட வழக்கு, சரி' என்று எழுதிக் கொடுத்தேன்.