ரிச்சி தெருவும் யூனிட்டி பிளாசாவும்

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டினால், ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் கியா பார்ம். காய்கறிச் சந்தைக்கும் ஸ்ட்ராபெரிக்கும் வருகிறவர்கள் அரை மணி நேரம் நின்று போகும் இடம். இங்கே குடியிருப்பவர் தம் மேசைக் கணினியில் ஒரு பாகத்தை மாற்ற நினைத்தால், சிம்பாங் பூலாய் சாலையில் ஈப்போவுக்கு இறங்க வேண்டும். இல்லையென்றால் கோலாலம்பூர் லோயாட் பிளாசா வரை போக வேண்டும். போகும் முன் நம் பிள்ளைகள் யோசனை கேட்பது பெரும்பாலும் இணையத்தில் தமிழில் விளக்குகிறவர்களிடம். அவர்களில் பாதிப் பேர் சென்னைக்காரர்கள், மீதிப் பேர் கொழும்பு, யாழ்ப்பாணத்துக்காரர்கள். எந்த ப்ராசஸர், எந்த மதர்போர்டு, எந்த கூலர் என்று இரு தரப்பும் சொல்வது ஒன்றுபோலவே கேட்கும். ஆனால் ஒவ்வொரு யோசனைக்குப் பின்னாலும் அந்தந்த ஊரின் சந்தையும் காற்றும் இருக்கின்றன. அதைப் பிரித்துப் பார்க்காமல் காசைக் கொடுத்தால் நஷ்டம் நமக்குத்தான்.

முதலில் சென்னை. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு ஆகிய சந்துகள் வானொலிப் பாகங்கள் விற்ற காலத்திலிருந்தே உதிரிபாகத்துக்குப் பேர்போனவை. அங்கே கணினி வாங்குவது பாகம் பாகமாக நடக்கும். ஒரு கடையில் ப்ராசஸர், எதிர்க்கடையில் போர்டு, முனைக்கடையில் கூலர். 18 சதவீத ஜிஎஸ்டி பில்லை வாங்கிக்கொண்டால் உத்தரவாதம் உற்பத்தியாளரின் சேவை மையத்தோடு. விற்ற கடைக்காரரை மறுபடி பார்க்க வேண்டிய அவசியம் பல சமயம் இருப்பதில்லை. இதனால் வாங்குபவரே பொறியாளராகிவிடுகிறார். எந்தச் சாக்கெட், எந்தச் சிப்செட், பயாஸ் எந்தப் பதிப்பு என்பதை அவர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தியச் சந்தையில் எனக்கு மிகவும் பிடித்தது பழைய ப்ராசஸரை அவர்கள் சாகவிடாத விதம். ப்ராசஸர் எளிதில் கெடாது. முதலில் போவது மதர்போர்டுதான். இன்டெல் 2011இல் கொண்டுவந்த எச்61 சிப்செட்டை நிறுவனம் கைவிட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட செப்ரானிக்ஸ் போன்றவை அதே சிப்செட்டில் புதுப் போர்டு விற்றன. ஐ3 வைத்திருந்த மாணவர், கைமாறி வந்த ஐ7-3770 ஒன்றைப் போட்டு இன்னும் சில ஆண்டு ஓட்டினார். இது சிக்கனம் மட்டுமில்லை, நல்ல பொறியியல் அறிவும்கூட.

அதே கண்ணோட்டம்தான் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டை அங்கே கொண்டாட வைத்தது. 2017இல் முதல் ரைசனோடு வாங்கிய பி350 போர்டு பலவற்றில், பயாஸை மட்டும் புதுப்பித்து 2022இல் ரைசன் 7 5800எக்ஸ்3டி வரை ஏற முடிந்தது. இன்டெல் பக்கம் கதை வேறு. எல்ஜிஏ 1151 என்ற ஒரே பெயரில் வந்த சாக்கெட்டிலேயே, 100, 200 வரிசைப் போர்டுகளில் எட்டாம் தலைமுறை ப்ராசஸர் ஓடாது. ஊசி எண்ணிக்கை ஒன்றே என்று நம்பி வாங்கி ஏமாந்தவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

இலங்கையில் இந்த விளையாட்டுக்கு இடம் குறைவு. கொழும்பு பம்பலப்பிட்டியில் காலி வீதியோரம் உள்ள யூனிட்டி பிளாசாதான் நாட்டின் கணினிச் சந்தை என்று சொல்லத்தக்க இடம். சந்தை சிறியது, சரக்கு முழுவதும் இறக்குமதி. 2022 மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 ரூபாயளவில் இருந்த நாணயம் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. காலையில் கேட்ட விலை மாலையில் செல்லாத நாட்கள் அவை. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரியும் 18 சதவீதம். இப்படிப்பட்ட இடத்தில், தவறான போர்டை வாங்கிவிட்டு இன்னொன்று வாங்கலாம் என்ற எண்ணத்துக்கே வழியில்லை.

அதனால்தான் அங்கே ப்ராசஸர், போர்டு, ரேம் மூன்றையும் ஒரே கடையில் வாங்கி, அங்கேயே பொருத்தி, ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு எடுத்துப்போகும் பழக்கம் வலுத்திருக்கிறது. பாகத்தின் மேல் கடையின் ஸ்டிக்கர் இருக்கும். பழுதென்றால் முதல் பொறுப்பு அந்தக் கடைக்கு. பற்றுச்சீட்டின் சிறிய எழுத்தைப் படிப்பதையும் அங்குள்ளவர்களிடம் கற்க வேண்டும். எரிந்த தடம், துரு, உடைவு இருந்தால் உத்தரவாதமில்லை என்று அதில் இருக்கும். சில கடைகளின் சீட்டில் ஓராண்டு என்றால் 350 நாள்.

2024இல் இந்த வேறுபாட்டின் கனம் தெரிந்தது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை உயர்வகை ப்ராசஸர்களில் மின்னழுத்தக் கோளாறு இருப்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகத் திருத்தம் தந்து, பெட்டியில் விற்றவற்றுக்கு உத்தரவாதத்தை மேலும் இரண்டாண்டு நீட்டியது. பெட்டியில்லாமல் ட்ரே ப்ராசஸராக வாங்கியவர் விற்ற கடையைத்தான் நாட வேண்டியிருந்தது. கடையோடு உறவு வைத்திருந்தவருக்கு ஒரு கதவு இருந்தது. மலிவு தேடி முகம் தெரியாதவரிடம் வாங்கியவருக்கு அதுவும் இல்லை.

போர்டைத் தேர்வதில் இரு நாட்டிலும் ஒரு தவறு பொது: ப்ராசஸர் பெட்டியில் 65 வாட் என்று எழுதியிருப்பதை நம்பிவிடுவது. ஐ5-13400 உச்சத்தில் 148 வாட் வரை இழுக்கும். ஐ7-12700 180 வாட். மலிவான எச்610 போர்டுகள் பலவற்றில் ப்ராசஸருக்கு மின்சாரம் தரும் விஆர்எம் பகுதியின் மேல் வெப்பத்தகடே கிடையாது. கூலர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் போர்டு சூடேறி வேகத்தைக் குறைத்துவிடும். மாறாக, ரைசன் 5 5600இன் உச்சம் 76 வாட்தான். சாதாரண பி450 போர்டே தாங்கும்.

இனி கூலர். சென்னையில் மே மாதம் வெளியே 40 டிகிரி என்றால் அறைக்குள் 34 இருக்கும். எல்லா கூலரும் அறைக் காற்றுக்கு மேல் இத்தனை டிகிரி என்ற கணக்கில்தான் வேலை செய்யும். ப்ராசஸர் அறையைவிட 45 டிகிரி சூடேறினால் அங்கே 79. அதனால் சென்னைக்காரர் உயரமான டவர் கூலரையோ திரவக் கூலரையோ பரிந்துரைப்பது நியாயம். அதே பட்டியலை கியா பார்மில் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றத் தேவையில்லை. இங்கே அறை 20 டிகிரி. உயரத்தில் காற்று மெலிவு என்பது உண்மைதான்; கோடைச் சென்னையைவிட அடர்த்தி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறையும். அதனால் 45 டிகிரி உயர்வு 50 ஆகலாம். அப்போதும் மொத்தம் 70தான். குளிர், மெலிவை வென்றுவிடுகிறது. 1,868 மீட்டரில் உள்ள நுவரெலியாவுக்கும் 2,240 மீட்டரில் உள்ள ஊட்டிக்கும் இதே கணக்குப் பொருந்தும். 65 வாட் ரைசனுக்குப் பெட்டியோடு வரும் சிறு கூலரே இங்கே போதும். அந்தச் சிறு கூலருக்கு இன்னொரு நன்மையும் உண்டு: காற்றைக் கீழ்நோக்கி ஊதுவதால் விஆர்எம்முக்கும் சேர்த்துக் காற்று கிடைக்கிறது. டவர் கூலரில் அது அவ்வளவாகக் கிடைக்காது. டவர்தான் வேண்டுமென்றால் 150 முதல் 160 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கேசிங்கில் இடமிருக்கிறதா என்று அளந்துவிட்டுப் போக வேண்டும். பழைய கூலரை எல்ஜிஏ 1700 போர்டுக்கு மாற்றுகிறவர் அதற்கான தாங்கியையும் கேட்டு வாங்க வேண்டும். ஏஎம்4 கூலர்களில் பெரும்பாலானவை ஏஎம்5இல் அப்படியே உட்காரும்.

நம் மலையின் எதிரி வெப்பத்தைவிட ஈரம். இதில் கொழும்புக்காரரின் யோசனைதான் நமக்குப் பொருந்தும், ஏனென்றால் கடற்காற்றில் துருவோடு போராடிப் பழகியவர்கள் அவர்கள். பனிமூட்டம் சன்னலில் நுழையும் வீட்டில், வாரக்கணக்கில் அணைத்துக் கிடக்கும் கணினியைவிடத் தினமும் ஓடும் கணினியே நலமாக இருக்கும். ஓடும் பாகம் சுற்றுக்காற்றைவிடச் சூடாக இருப்பதால் அதில் ஈரம் படியாது. கேசிங்கை வெளிச்சுவரிலிருந்து தள்ளி வைக்கவும், தரையில் வைக்காதிருக்கவும் வேண்டும். சமையலறை ஆவியும் தோட்ட மருந்தின் வாடையும் எட்டாத இடமாக இருந்தால் இன்னும் நல்லது.

ஆகவே கியா பார்மிலிருந்து இறங்குகிறவருக்கு நான் சொல்வது இதுதான். எந்தச் சாக்கெட்டில் இன்னும் சில ஆண்டு ஏற இடமிருக்கிறது என்பதைச் சென்னைக்காரரைப் போல வீட்டிலேயே ஆராய்ந்து முடியுங்கள். 2022இல் வந்த ஏஎம்5க்கு டிடிஆர்5 ரேம் கட்டாயம், பழைய ரேம் உதவாது என்பதையும் செலவில் சேருங்கள். கடைக்குப் போனபின் கொழும்புக்காரராகிவிடுங்கள். ப்ராசஸரையும் போர்டையும் ஒரே கடையில் வாங்கி, அங்கேயே பயாஸைப் புதுப்பித்து, திரையில் ப்ராசஸரின் பெயர் வருவதைப் பாருங்கள். பழைய பயாஸோடு மலையேறிய போர்டில் புது ப்ராசஸர் உயிர் பெறாது; ப்ராசஸர் ஓடாமலே பயாஸைப் புதுப்பிக்க உதவும் ஃபிளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டு மட்டும் விதிவிலக்கு. அந்தப் பொத்தானுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். திரும்பி இறங்க வேண்டிய சாலை நீளமானது.