பெரிய கோழியும் சின்ன யானையும்

வேளாங்கண்ணியில் அக்கா மகன் மைன்கிராஃப்டில் எங்கள் கடற்கரையைக் கட்டியிருந்தான். வறுத்த மீன் கடைகள், பின்னால் மாதா கோயில் கோபுரங்கள், மணலில் ஒரு வெள்ளைக் கோழி. கோழியின் உயரம் பதினோரு மீட்டர்.

“எப்படி மாமா?”

“பெருசாத்தான் இருக்கு மாப்ள.”

அது பாராட்டு இல்லை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் சுருங்கிப்போச்சு. அன்றைக்குச் சொல்ல வராததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முன்பெல்லாம் இந்த விளையாட்டில் உயிரினங்களின் உருவத்தை மாற்ற யாராவது எழுதிய மாட் ஒன்றை ஏற்ற வேண்டும். 2024 ஏப்ரலில் வந்த 1.20.5 ஜாவா பதிப்பிலிருந்து அளவு என்பதே தனிப் பண்பு. 1 இயல்பு, 0.0625 வரை இறக்கலாம், 16 வரை ஏற்றலாம். பையன் நேரே 16க்குப் போய்விட்டான். 0.7 மீட்டர் கோழி 11.2 மீட்டர் ஆயிற்று.

ஆனால் மாறியது உருவம் மட்டும். வேகம், உயிர், தாக்கும் வலு எல்லாம் தனித்தனிப் பண்புகள். அவை இருந்த இடத்திலேயே இருந்தன. அதனால் அந்தப் பூதக்கோழி கடற்கரையைக் கடக்கச் சின்னக் கோழிக்கு ஆகும் அதே நேரம்தான் எடுத்துக்கொள்கிறது. கல் வாளால் ஒரே போடு, செத்துவிடும். நீளம் 16 மடங்கானால் கனம் 4096 மடங்கு, காலின் குறுக்குப் பரப்போ 256 மடங்குதான், கோழி நிற்கவே முடியாது என்று கலிலியோ 1638லேயே எழுதிய கணக்கை வைத்து மடக்கலாம். அது என் குறை இல்லை. விளையாட்டில் கோழி பறந்துவிட்டும் போகட்டும். என் குறை, அது பெரிதாகவே தெரியவில்லை என்பதுதான். கிட்டப் போய்ப் பார்த்த கோழி மாதிரி இருந்தது. தோலில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு முழுக் கட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. போதாததற்குக் கடைகளையும் அவன் கோழிக்கு ஏற்றபடி பெரிதாகவே கட்டிவைத்திருந்தான்.

திருவாரூர் வழியாக பஸ் பிடித்தால் தஞ்சாவூர். பெரிய கோயில் துவாரபாலகர்களை எல்லாரும் பார்த்திருப்போம். காலடியில் கதை, கதையைச் சுற்றி ஒரு பாம்பு, பாம்பின் வாயில் பாதி விழுங்கிய யானை. யானையை வைத்துப் பாம்பை அளந்துகொள், பாம்பை வைத்துக் காவல்காரனை, அவனை வைத்து உள்ளே இருப்பவரை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன் அந்தச் சிற்பி செய்தது இவன் செய்ததற்கு நேர் எதிர். பெரியதைத் தொடவே இல்லை. நமக்குத் தெரிந்த ஒன்றை, அதுவும் யானையை, கையளவாகச் சுருக்கிவிட்டான்.

எங்கள் அத்தை 2004 டிசம்பர் 26 அலையைப் பற்றி ஒருநாளும் மீட்டர் கணக்கில் பேசியதில்லை. “பனமரம் ஒசரம்டா” என்பார். அவ்வளவுதான், அதற்குமேல் பேச மாட்டார். பையன் அதற்கப்புறம் பிறந்தவன். அவன் கட்டிய கடற்கரையில் ஒரு பனைகூட இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். அதே கடற்கரையில் ஒரு சிலந்தியை 0.0625க்கு இறக்கியிருந்தான். மணலில் அது கண்ணுக்கே படாது. கடி மட்டும் பழைய கடி. எங்கிருந்து அடி விழுகிறது என்று தெரியாமல் நான் இரண்டு முறை செத்தேன். எண்ணை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்ட அதே அசட்டை, இங்கே பயமாக மாறிவிட்டது. அவன் யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. இருந்தாலும் அவன் செய்ததில் நல்லது இதுதான், கோழி இல்லை.

ராத்திரி சாப்பிடும்போது துவாரபாலகர் கதையைச் சொன்னேன். தட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

“இந்த கேம்ல யானையே கிடையாது மாமா.”

“சரி.”

“ஒட்டகம் இருக்கு. சின்னதாக்கி கோழி வாய்ல வெச்சா பரவாயில்லையா?”